சிவப்புக்காரியின் நாற்காலி

ஒரு மரப்பெட்டி, ஒரு தொப்பிக் கூடை, கல்யாணமாகி நாலே நாளான ஒரு புருஷன். இந்த மூன்றோடும் டார்கஸ் அந்த வீட்டு முன்னால் வந்து இறங்கியபோது, வாசலை மறித்துக்கொண்டு நாற்பது ஐம்பது பேர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

லண்டனில் நவம்பர் மாதத் தூறலில் எவனும் சும்மா தெருவில் நிற்க மாட்டான். நிற்கிறான் என்றால் அது மிஸஸ் க்ரோக்கின் படக்கடை ஜன்னலுக்காகத்தான். ஜன்னலின் ஒவ்வொரு கண்ணாடிச் சில்லிலும் ஒரு கேலிப்படம் ஒட்டியிருந்தது. பட்டத்து இளவரசர் ஒரு விதவையை ரகசியமாகக் கட்டிக்கொண்டார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்று அரண்மனை சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தது. கேலிப்படக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நடுச் சில்லில் இருந்த படத்துக்குத்தான் கூட்டம் அதிகம். தொந்தி பிதுங்கிச் சட்டைப் பொத்தான் தெறிக்க இளவரசர் நிற்கிறார். கட்டிலுக்கு அடியிலிருந்து பிரதம மந்திரியின் ஒல்லிக் கால்கள் மட்டும் தெரிகின்றன. எதிர்க்கட்சித் தலைவர் பாதிரி அங்கி மாட்டிக்கொண்டு, வேதப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து மந்திரம் சொல்கிறார். நடுவே கையை நீட்டியபடி கல்யாணப் பெண்.

"தள்ளுங்கய்யா தள்ளுங்க! படம் போட்டவனுக்கே வழி இல்லையா?" என்றான் சைலஸ்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒருவன் அவன் முதுகில் தட்டினான். டார்கஸுக்குப் பெருமையாக இருந்தது. ஏழு வருஷம் வேறொரு படக்கடையில் வர்ணம் பூசியவள் அவள். இப்போது ஊர் மெச்சும் படக்காரனுக்குப் பெண்டாட்டி. அந்தப் பெருமையோடு படத்தைப் பார்த்தவள், கல்யாணப் பெண்ணின் முகத்தில் நின்றுவிட்டாள். பக்கத்துச் சில்லில் இருந்த படத்திலும் அதே முகம். அதற்குப் பக்கத்திலும் அதே முகம். நீள முகம், சின்ன வாய், வலது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம்.

"ஏங்க, அந்த விதவையம்மாவுக்கு ஏது மச்சம்? பழைய கடையில நானே நூறு தடவை அவங்களுக்கு வர்ணம் பூசியிருக்கேன். மூக்குதான் பெருசா இருக்கும்."

"ஏதோ ஒரு முகம். கைக்கு வந்ததை வரையறேன்" என்று சொல்லிவிட்டு அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான்.

மிஸஸ் க்ரோக் படியிலேயே எதிர்கொண்டாள். புருஷன் செத்தபிறகு தனியாளாகக் கடையைத் தூக்கி நிறுத்தியவள். வாய் ஓயாது. "வாடி புதுப்பொண்ணே! கைச்சுத்தம் உண்டா? கோட்டுக்கு வெளியே வர்ணம் போச்சுன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். இளவரசர் தொந்தி வேணும்னா வெளியே போகட்டும், வர்ணம் போகக் கூடாது!" என்று தானே சொல்லித் தானே சிரித்தாள்.

மாடியில் வர்ணப் பட்டறை. நீள மேஜை, நாலு நாற்காலி, நாலு தண்ணீர்ச் சாடி. ஆளுக்கு ஒரு வர்ணம்தான். மஞ்சள்காரி பூசித் தள்ளினால் பச்சைக்காரி, அவள் தள்ளினால் நீலக்காரி, கடைசியில் சிவப்பு. கன்னம், உதடு, மந்திரியின் குடிகார மூக்கு எல்லாம் சிவப்புக்காரியின் பொறுப்பு. ஜன்னலோரத்து நாற்காலி அவளுடையது. டார்கஸ் அதில் உட்கார்ந்ததும் மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றாள் மஞ்சள்காரி பெர்சிஸ். நாற்பது வயசு, மூக்கில் எப்போதும் பொடி. "அது லெட்டிஸ் உட்கார்ந்த இடம். உன் வீட்டுக்காரரோட மூத்த சம்சாரம். அவ போய் ஒன்றரை வருஷமா அதுல எவளும் உட்காரலை. சிவப்பை நாங்களேதான் பங்கு போட்டுப் பூசினோம்."

"செத்தவளுக்கு எதுக்கு நாற்காலி?"

"அதானே" என்று சிரித்தாள் நீலக்காரி கிட்டி. பத்தொன்பது வயசு, கன்னத்தில் குழி விழும் சிரிப்பு. "நாற்காலியை விடுங்கக்கா. தினம் அறுபது தடவை அவங்க மூஞ்சிக்குத்தானே நீங்க சிவப்பு வைக்கப் போறீங்க!"

"யார் மூஞ்சிக்கு?"

கிட்டி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெர்சிஸ் ஒரு தாளை எடுத்து டார்கஸ் முன்னால் தள்ளினாள்.

"இதுதான் லெட்டிஸ். உனக்குச் சொல்லலையா அவர்? அவளுக்கு மச்சம் இடது கண்ணுக்குக் கீழே. செம்புத் தகட்டுல வலப்பக்கம் கீறினா தாள்ல இடப்பக்கம் விழும் இல்லையா, உன் வீட்டுக்காரர் எழுத்தை மட்டும்தான் திருப்பி எழுதுவார். முகத்தைக் கண்ணால பார்த்தபடியே கீறிடுவார். அதான் மாறி விழுந்திருக்கு."

டார்கஸ் தூரிகையை எடுத்தாள். அந்தக் கன்னத்தில் சிவப்பை வைத்தாள். அடிவயிற்றிலிருந்து தொண்டைவரை எரிந்தது. நாலு நாளாகப் பக்கத்தில் படுத்திருக்கிறான், ஒரு தடவையாவது அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தானா? செத்தவள் முகத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வரைகிறானே!

அன்று அறுபது தாள். அறுபது தடவை சக்களத்தியின் கன்னத்தில் சிவப்பு. சாயங்காலம் எழுந்தபோது அவளுக்கு வயிற்றெரிச்சலில் சாப்பாடே இறங்கவில்லை.

முதல் வாரத்திலேயே அந்தச் சத்தம் கேட்டது.

தூரிகையைத் தண்ணீரில் அலசி, சாடி விளிம்பில் தட்டுவதில் ஆளுக்கு ஒரு பழக்கம். பெர்சிஸ் ஒரே தட்டு. கிட்டி தட்டவே மாட்டாள், தரையில் உதறுவாள். பச்சைக்காரி துணியில் துடைப்பாள். டார்கஸ் எப்போதும் இரண்டு தட்டு. நாள் பூரா அந்தச் சத்தங்களுக்குக் காது பழகிப்போயிருந்தது.

அன்று மத்தியானம் நாலு பேர் கையும் தாளின்மேல் இருந்தது. யாரும் சாடியைத் தொடவில்லை.

டிங். டிங். டிங்.

மூன்று தட்டு.

டார்கஸின் சாடியில் தண்ணீர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து சிவப்பு ஒரு நூலாக எழும்பிக் கரைந்தது. ஆளிவிதை எண்ணெய் நாற்றமும் கீழ்த்தளத்தில் தகட்டை அரிக்கும் திராவகத்தின் நெடியுமாக இருந்த அறையில், எங்கிருந்தோ ஜுரக்காரியின் படுக்கை வாசனை வந்தது. வேர்வையும் வினிகரும் கலந்த வாசனை.

"காத்து" என்றாள் பெர்சிஸ். அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மிஸஸ் க்ரோக் ஒரு கட்டுத் தாளோடு மேலே வந்தாள். "என்னடி இது? சிவப்புல தண்ணியை ஊத்தி ஊரை ஏமாத்தறியா?"

கொடியில் காயப்போட்டிருந்த அறுபது தாளிலும் இளவரசரின் கன்னம் சிவப்பாகத்தான் இருந்தது. மந்திரியின் காலுறை நீலமாகத்தான் இருந்தது. கல்யாணப் பெண்ணின் முகம் மட்டும் வெள்ளை. வர்ணமே படாத வெறும் தாளைப் போல வெளுத்துக் கிடந்தது. டார்கஸ் அழுத்தி அழுத்திப் பூசிப் பார்த்தாள். பூசியது சாயங்காலம் இருந்தது, விடிந்ததும் போய்விட்டது. நாலு நாள் இப்படியே நடந்தது.

ஐந்தாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கே மூடுபனி ஊரை மூடிவிட்டது. மற்றவர்கள் சாப்பிடக் கீழே இறங்கியிருந்தார்கள். டார்கஸ் மட்டும் சால்வையை எடுக்க மேலே ஏறினாள். கதவு பாதி திறந்திருந்தது. ஜன்னல் சாம்பல் நிறத்தில் இருந்தது.

அவள் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளைத் தொப்பி. மெலிந்த கழுத்து. முதுகு தெரிந்தது. முழங்கை மெல்ல அசைந்தது, வர்ணம் பூசுகிறவளின் கை அசைவதுபோல.

டிங். டிங். டிங்.

"யாரு?"

முழங்கை நின்றது.

தொப்பி மெதுவாகத் திரும்பியது.

தொப்பிக்குள் ஒன்றுமில்லை.

இருட்டாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ணும் இல்லாமல் வாயும் இல்லாமல், அச்சில் ஏறாத தாள்போல வழவழவென்று வெள்ளையாக ஒரு முகம் அவள் பக்கம் நிமிர்ந்து நின்றது.

டார்கஸ் எப்படிப் படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. சமையலறையில் போய் விழுந்தவளுக்குப் பெர்சிஸ் கொஞ்சம் ஜின் சாராயத்தை ஊற்றிக் கொடுத்தாள்.

"பார்த்துட்டியா?" என்று காதோரம் கேட்டாள். "மூணு தட்டு அவளோட பழக்கம். அவ உயிரோட இருந்தப்பவே இந்தக் கூத்து ஆரம்பிச்சாச்சு. அவ மூஞ்சியை இவர் படத்துல போட்டாரு, படம் பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. அவ தெருவுல நடக்க முடியல. 'இளவரசர் வெச்சிருக்கிறவ போறாடா'ன்னு சேத்தை வாரி அடிச்சானுங்க. என் முகத்தை அழிச்சிடுங்கன்னு இவர் கால்ல விழுந்து கெஞ்சினா. கடைசியில கண்ணாடியைப் பார்த்துட்டு, முகத்தைக் காணோம் முகத்தைக் காணோம்னு அழுவா. நாங்க பைத்தியம்னு நெனச்சோம். அப்புறம் ஜுரம் வந்து போயே போயிட்டா."

நல்ல புத்தி உள்ளவளாக இருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். பொறாமை பிடித்தவளுக்கு அந்தக் கதை வேறு மாதிரிதான் காதில் விழுந்தது. ஊரே பார்க்கும்படி இவன் அவளை வரைந்திருக்கிறான். நூறு தடவை, ஆயிரம் தடவை வரைந்திருக்கிறான். கால்ல விழுந்தாளாம்! எனக்கு அந்த யோகம் கிடைத்தால் நான் எதற்கு அழப்போகிறேன்? செத்தும் நாற்காலியை விட மாட்டேன் என்கிறாள், படத்தையும் விட மாட்டேன் என்கிறாள்.

அன்று ராத்திரி புருஷனிடம் கேட்டாள். "என்னை ஒரு தடவை வரைங்களேன்."

"உனக்கென்ன திடீர்னு?"

"நான் நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கே" என்றான், மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டே. "ஜனங்க அந்த முகத்துக்குப் பழகிட்டாங்க டார்கஸ். அதைப் போய் எதுக்கு மாத்தறது?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் எல்லாரும் கோயிலுக்குப் போனார்கள். தலைவலி என்று டார்கஸ் தங்கிவிட்டாள். சைலஸின் அறையில் வேலை மேஜை, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி, சுவரில் சாய்த்த செப்புத் தகடு. சீக்கிரம் மறுபடி அச்சுக்குப் போகவேண்டிய கல்யாணப் படத்தின் தகடு அது. அந்த முகம் இருந்த மற்றத் தகடுகளை எல்லாம் ஏற்கெனவே சுரண்டி வேறு படத்துக்கு எடுத்துவிட்டார்கள். சுரண்டும் கத்தியையும், தேய்த்து மெருகேற்றும் எஃகுக் கோலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தகட்டில் மச்சம் இடது கண்ணுக்குக் கீழே இருந்தது. முதலில் அதைத்தான் சுரண்டினாள்.

செம்புத்தூள் விரலில் ஒட்டியது. காசைக் கடித்தாற்போல வாயெல்லாம் உலோகச் சுவை. கண் போனது. மூக்கு போனது. சின்ன வாய் போனது. சுரண்டச் சுரண்ட அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம், பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். முகம் இருந்த இடம் பளபளவென்று வெறுமையாகிவிட்டது.

பின்னாலிருந்து அந்தச் சத்தம். மூன்று தட்டு.

இந்தத் தடவை டார்கஸ் ஓடவில்லை. திரும்பினாள்.

கதவருகே அவள் நின்றாள். வெள்ளைத் தொப்பி, மெலிந்த கழுத்து, தொப்பிக்குள் முகம். நீள முகம், சின்ன வாய். மச்சம் இடது கண்ணுக்குக் கீழே இருந்தது. ஊர் பார்த்த படத்தில் இருப்பதற்கு மறுபக்கம்.

படத்திலிருந்து இறங்கி வந்தவள் இல்லை. லெட்டிஸேதான்.

அவள் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். மூக்கைத் தொட்டாள், உதட்டைத் தொட்டாள். தொலைந்துபோன சாமானைப் பெட்டிக்குள் கண்டெடுத்தவள்போலக் கண் நிறைந்தது. பிறகு டார்கஸைப் பார்த்தாள்.

"அவர் தகட்டுல நீ ஏறாதே" என்றாள். குரல் தாள் உரசுகிற அளவுக்குத்தான் இருந்தது. "ஏறாதே தங்கச்சி."

டார்கஸுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "பார்த்தியா! செத்தும் உனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லையே!"

லெட்டிஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வையில் இருந்தது கோபம் இல்லை. அப்புறம் கதவருகே யாருமில்லை. ஜுர வாசனையும் போய்விட்டது.

தகட்டைப் பார்த்த சைலஸ் திட்டவில்லை. டார்கஸை ஒரு தரம் பார்த்தான், தகட்டை ஒரு தரம் பார்த்தான். செவ்வாய்க்கிழமைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். முகமில்லாத கல்யாணப் பெண்ணை எவன் வாங்குவான்?

"சரி, இப்படி ஜன்னல்கிட்ட வந்து உட்காரு" என்றான்.

இரண்டு மணி நேரம் அவளைப் பார்த்தான். நெற்றியைப் பார்த்தான், மூக்கைப் பார்த்தான், வலது கன்னத்தில் இருந்த இரண்டு அம்மைத் தழும்பையும் பார்த்தான். கல்யாணமானதிலிருந்து அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. ஊசி செம்பில் கீறுகிற சத்தம் அவளுக்குக் காதில் தேனாகப் பாய்ந்தது. உட்கார்ந்த இடத்தில் அவள் கொஞ்சம் அழுதாள். அசையாதே என்று அவன் மெதுவாகச் சொன்னான். அதுவும் அவளுக்கு இனித்தது.

வியாழக்கிழமை படம் ஜன்னலுக்கு வந்தது. டார்கஸ் நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருவில் கூட்டத்தோடு போய் நின்றாள். நடுச் சில்லில் அவள்தான்! இளவரசர் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். லெட்டிஸ் எங்கேயும் இல்லை. அவளுக்கு நெஞ்சு விம்மியது.

பக்கத்தில் நின்ற மாமிசக் கடைக்காரன் கனைத்து, படத்து முகத்தின்மேல் கண்ணாடியில் துப்பினான்.

"மூஞ்சியைப் பாரு! இதுக்கா இளவரசர் இந்தக் குதி குதிச்சாரு?"

"இருட்டுல பார்த்திருப்பாரு!"

கூட்டம் சிரித்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் டார்கஸின் கன்னத்தில் எறும்பு கடித்தாற்போல இருந்தது. ஒருத்தி திரும்பிப் பார்த்துக் கத்தினாள். "அடியே, இவதாண்டி அவ!"

பத்துப் பேர் திரும்பினார்கள். ஒருவன் குனிந்து சேற்றை அள்ளினான்.

"இவ இல்லைய்யா" என்றான் இன்னொருவன் அவளை உற்றுப் பார்த்து. "படத்துல இருக்கிறவளுக்குத் தழும்பு இடது கன்னத்துல. இவளுக்கு வலது கன்னத்துல இல்ல இருக்கு. வேற யாரோ."

செம்பு மாற்றிப் போட்டது அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது. டார்கஸ் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அதற்கப்புறம் படம் கட்டுக்கட்டாகப் போனது. தினமும் அறுபது தாள், எண்பது தாள் என்று அவள் முகம் மேஜைமேல் கைமாறிக் கைமாறி அவளிடமே வந்தது. தன் கன்னத்துக்குத் தானே சிவப்பு வைத்தாள். விடிந்தால் அந்தச் சிவப்பு இருக்காது.

"என்னக்கா இப்படி வெளுத்துட்டீங்க?" என்றாள் கிட்டி ஒருநாள். "கொஞ்ச தூரத்துல நின்னா உங்க முகமே தெரிய மாட்டேங்குது."

டார்கஸ் புருஷனின் அறைக்குப் போய்ப் பெரிய கண்ணாடியில் பார்த்தாள். கன்னத்தைக் கிள்ளினாள். சிவக்கவில்லை. புருவம் பாதி அழிந்தாற்போல இருந்தது. மூக்கின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

சைலஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அழிச்சிடுங்க. என்னை அழிச்சிடுங்க. வேற ஏதாவது முகத்தைப் போட்டுக்கோங்க."

"கொஞ்ச நாள் பொறு டார்கஸ். இதுவரைக்கும் இந்தப் படம் மாதிரி எதுவும் போனதில்லை."

வாசலில் நின்ற பெர்சிஸின் கையிலிருந்து தாள்கட்டு நழுவி விழுந்தது. "இதே வார்த்தை" என்று முணுமுணுத்தாள். "அவகிட்டயும் இதே வார்த்தைதான் சொன்னாரு."

அவன் வெளியே போனதும் டார்கஸ் சுரண்டும் கத்தியை எடுத்தாள். தகட்டில் இருந்த தன் கண்ணை, மூக்கை, தழும்பை எல்லாம் வறட்டு வறட்டென்று சுரண்டித் தள்ளினாள். தன் முகத்திலேயே கத்தி படுவதுபோல வலித்தது. விடவில்லை. கடைசிக் கோடு போனதும் கண்ணாடியைப் பார்த்தாள்.

கன்னத்தில் ரத்தம் ஏறியது. புருவம் வந்தது. மூக்கு வந்தது. டார்கஸ் முழங்காலிட்டு ஓவென்று அழுதாள்.

மிஸஸ் க்ரோக் வீடே இடிந்து விழும்படி கத்தினாள். "உங்க புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு என் தகடுதான் கிடைச்சுதா? செப்புத் தகடா இல்ல உன் அப்பன் வீட்டுச் சட்டியா?" டார்கஸ் எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள். சிரிக்க முகம் இருந்ததே, அது போதும் அவளுக்கு. இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டாள். கிட்டி சொன்ன ஜோக்குக்குக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். புருஷன் மறுபடி அவளை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பதுதான் ஒரு குறை. அது மட்டும் உள்ளே ஒரு ஓரத்தில் புகைந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மிஸஸ் க்ரோக் கையில் ஒரு படத்தோடு மூச்சிரைக்க மாடிக்கு வந்தாள்.

"திருட்டுப் பய! எதிர்க்கடைக்காரன்! கடை திறந்து ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள என் படத்தைப் பார்த்துக் காப்பியடிச்சுட்டான். நம்ம தகடு போச்சு, அவன் கல்லா கட்டறான்!"

எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். டார்கஸ் கடைசியாக எழுந்தாள்.

எதிர்க்கடை வாசலில் இருநூறு பேர். ஜன்னல் முழுக்க ஒரே படம். இளவரசர் இடத்தில் மந்திரியின் கால், மந்திரி இடத்தில் இளவரசர். இடம் வலமாக எல்லாம் மாறியிருந்தது. காப்பியடித்தவன் தாளைப் பார்த்து அப்படியே செம்பில் கீறிவிட்டான். கீறினது மறுபடி திரும்பி விழுந்திருந்தது.

மிஸஸ் க்ரோக்கின் கையில் இருந்த படத்தைப் பார்த்தாள். கல்யாணப் பெண்ணின் அம்மைத் தழும்பு வலது கன்னத்தில் இருந்தது.

சரியான கன்னத்தில்.

இனிமேல் இவள் அவள் இல்லை என்று எவனும் சொல்ல முடியாது. அந்தத் தகடு எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? யார் போய்ச் சுரண்டுவது?

டார்கஸ் மெதுவாக நடந்து புருஷனின் அறைக்குப் போனாள். கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். தொப்பி இருந்தது. தொப்பியின் நாடா இருந்தது. கழுத்துப்பட்டி இருந்தது.

நடுவில் வெறும் தாள்.

கண்ணால்தானே பார்க்கிறாள், அந்தக் கண் எங்கே? கையை உயர்த்தித் தொட்டாள். வழவழவென்று இருந்தது.

அவள் கத்தவில்லை. கத்த வாய் இருக்கிறதா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பட்டறைக்குத் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பெர்சிஸ் மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு, சட்டென்று மேஜையைப் பார்த்துக்கொண்டாள்.

அப்போது சைலஸ் மேலே வந்தான். கையில் புதுத் தகடு.

"எதிர்க்கடைக்காரன் வயிறு எரியணும். புதுப் படம், புது முகம்" என்றவன் மேஜையைச் சுற்றிப் பார்த்தான். "கிட்டி, இப்படி ஜன்னல்கிட்ட வா. வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டு."

"நானா?" கிட்டி வெட்கத்தில் கன்னம் குழியச் சிரித்துக்கொண்டு எழுந்தாள்.

பெர்சிஸ் குனிந்து டார்கஸின் காதில் கிசுகிசுத்தாள். "சொல்லு. நீதான் சொல்லணும். சின்னப் பொண்ணு, நீ சொன்னாத்தான் நம்புவா."

சொல்லத்தான் டார்கஸ் எழுந்தாள். தகட்டில் ஏறாதே தங்கச்சி என்கிற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் சைலஸ் கிட்டியின் மோவாயைப் பிடித்து மெல்லத் திருப்பினான். அவளை உற்றுப் பார்த்தான். நெற்றியைப் பார்த்தான், மூக்கைப் பார்த்தான்.

டார்கஸுக்கு அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய நெருப்பு எழுந்தது. முகம் போயும் அது போகவில்லை. கிட்டியைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

"அவ எதுக்கு?" என்றாள். "அவ வேண்டாம். என்னையே வரைங்க."

சைலஸ் திரும்பினான். அவன் கண் அவள் தொப்பிக்கும் கழுத்துப்பட்டிக்கும் நடுவே எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைந்தது.

"யாரு?" என்றான். "டார்கஸா?"

அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். தாளை இழுத்துக்கொண்டாள். தூரிகையைத் தண்ணீரில் அலசிச் சாடி விளிம்பில் தட்டினாள். எப்போதும்போல ஒன்று, இரண்டு.

பெர்சிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்று.